இன்டர்வியூவில் உடம்பைப் பற்றிச் சொல்லலாமா? சேலத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்மாபேட்டையில் என் வீட்டுத் திண்ணைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பிள்ளைகள் வருவார்கள். யாருக்காவது அந்த வாரம் இன்டர்வியூ இருக்கும். பயோடேட்டாவைத் திருத்துவோம், கேள்வி கேட்டுப் பழகுவோம். எல்லாம் முடிந்து செருப்பு மாட்டும் நேரத்தில் ஒருவர் மட்டும் தயங்கி நிற்பார். "அக்கா, ஒரு விஷயம்" என்பார். அந்த விஷயம் பெரும்பாலும் உடம்பைப் பற்றியதாக இருக்கும்.

எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. காலைத் தாங்கும் காலிப்பர் போட்டுத்தான் நடக்கிறேன். 16 வருஷம் ஒரு நூற்பாலையின் பர்சனல் ஆபீஸில் ஆள் எடுக்கும் வேலை பார்த்தேன். மேஜைக்கு இந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

எனக்கு இருக்கற நோயை இன்டர்வியூல சொல்லியே ஆகணும்னு சட்டம் இருக்குங்களா?

இல்லை. தனியார் வேலைக்குப் போகும் ஒருவர் தன் உடம்பு விவரம் முழுவதையும் தானாக முன்வந்து ஒப்பிக்க வேண்டும் என்று பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் உங்கள் முடிவு.

ஆனால் மூன்று இடங்களில் நிலைமை வேறு. மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தால் சான்றிதழோடு சொல்லித்தான் ஆக வேண்டும். உங்கள் உடல்நிலையால் உங்களுக்கோ பக்கத்தில் இருப்பவருக்கோ உயிர் ஆபத்து வரக்கூடிய வேலை என்றால் மறைக்கக் கூடாது. எழுத்தில் நேராகக் கேட்டு உங்கள் கையெழுத்தும் வாங்கினால் பொய் எழுதக் கூடாது. பேசாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. இந்த வித்தியாசம் கீழே பல பதில்களில் திரும்பி வரும்.

சர்க்கரை, தைராய்டு எல்லாம் மாற்றுத்திறன்ல வருமா? நான் எந்த லிஸ்ட்ல இருக்கேன்னே தெரியலை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்து 2017 ஏப்ரலில் அமலானது. பழைய 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, இதில் 21. கை கால் குறைபாடு, பார்வை, கேட்கும் திறன், பேச்சு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், பார்கின்சன், தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் ரத்தச்சோகை, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டோர், தொழுநோயிலிருந்து குணமானோர் எல்லோரும் இதில் அடக்கம். சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம், புற்றுநோய், இதய நோய் ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றால் பார்வை போனாலோ கால் இழந்தாலோ அந்தக் குறைபாட்டின் பேரில் வரலாம்.

குறைபாட்டின் அளவு 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற கணக்கு ஒதுக்கீட்டுக்கும் சில சலுகைகளுக்கும் உரியது. பாகுபாடு காட்டக் கூடாது என்பதற்கு 40 சதவீதம் தேவையில்லை. எழுதும்போது விரல்கள் இறுகிப்போகும் கோளாறு உள்ள ஒரு யூ.பி.எஸ்.சி. தேர்வர் தனக்காக எழுத ஒருவர் வேண்டும் என்று கேட்டார். அவருக்கு 40 சதவீதச் சான்று இல்லை. 2021-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு அந்த உரிமை உண்டு என்றது.

சான்றிதழும் யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் இன்னும் எடுக்காதவர்கள் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அட்டை எடுத்தால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்று பயப்படாதீர்கள். நீங்கள் காட்டாமல் அதை யாரும் பார்க்கப் போவதில்லை.

எப்ப சொல்றதுக்கா? பயோடேட்டாவுலயே போடணுமா, நேர்ல சொல்லணுமா, ஆர்டர் கைக்கு வந்த பிறகா?

நிறையப் பேர் தடுமாறும் இடம் இதுதான். நான் திருப்பிக் கேட்பது: இன்டர்வியூவுக்குப் போய் உட்காரவே உங்களுக்கு ஏதாவது ஏற்பாடு வேண்டுமா? வீல்சேர் போக வழி, சைகை மொழி தெரிந்த ஒருவர், கம்ப்யூட்டர் டெஸ்ட்டில் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள், இப்படி ஏதாவது. வேண்டும் என்றால் அவர்கள் போன் செய்து தேதி சொல்லும்போதே கேட்டுவிடுங்கள். போய் நின்ற பிறகு "லிப்ட் இல்லையே" என்று அவர்கள் கையைப் பிசைவதால் யாருக்கும் லாபமில்லை.

இன்டர்வியூவுக்கு ஒன்றும் வேண்டாம், வேலையில் சேர்ந்த பிறகு ஏதாவது வேண்டியிருக்கும் என்றால், "உங்களை எடுத்துக்கறோம்" என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகு, நீங்கள் கையெழுத்துப் போடும் முன் சொல்லுங்கள். அதற்குள் உங்கள் வேலைத் திறனை அவர்கள் எடை போட்டு முடித்திருப்பார்கள். அதற்கு மேல் பின்வாங்கினால் எதனால் பின்வாங்கினார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். நான் ஆள் எடுத்த காலத்தில் பார்த்த உண்மை ஒன்று: முதல் ஐந்து நிமிஷத்தில் நோயின் பெயரைக் கேட்டவர் அடுத்த அரை மணி நேரமும் அதைப் பற்றியே யோசிப்பார். கடைசி ஐந்து நிமிஷத்தில் கேட்டவர், "சரி, இதுக்கு என்ன பண்ணலாம்" என்று யோசிப்பார். மனிதர் அதே மனிதர்தான்.

வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, காலையில் ஒரு தைராய்டு மாத்திரை, அவ்வளவுதான் என்றால் சொல்லவே வேண்டாம். பயோடேட்டாவில் எழுதுவதை நான் விரும்புவதில்லை, ஒதுக்கீட்டு வேலைக்கு மட்டும் எழுதுங்கள். ஜெராக்ஸ் கடையில் வைத்திருக்கும் பழைய மாதிரிப் படிவத்தில் உயரம், எடை, உடல்நிலை என்று வரிகள் இருக்கும். அவற்றை அழித்துவிட்டுப் பிரின்ட் எடுங்கள்.

சரி, என்ன வார்த்தையில சொல்றது? அந்த இடம் வந்தா நாக்கு மேல ஒட்டிக்குது

மூன்று வாக்கியம் போதும். என்ன இருக்கிறது என்பதை ஒரு வரியில், அதை நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதை ஒரு வரியில், அவர்களிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை ஒரு வரியில். கூடவே நோயின் வரலாறு, எந்த டாக்டர், எத்தனை ஊசி, அம்மா அழுதது எல்லாம் வேண்டாம்.

டைப் 1 சர்க்கரை உள்ள ஒரு பெண் ஏற்காட்டில் ஒரு ஓட்டலின் வரவேற்பு மேஜை வேலைக்குப் போனாள். 11 வயதிலிருந்து இன்சுலின் போடுகிறவள். என் வீட்டுத் திண்ணையில் முதல் தடவை சொல்லிப் பார்த்தபோது, "சார், எனக்கு சின்ன வயசுலயே சுகர் வந்துடுச்சு சார், ஆனா நான் நல்லாத்தான் இருக்கேன் சார், நம்புங்க சார்" என்றாள். குரல் உடைந்தது. ஏழெட்டுத் தடவை சொன்ன பிறகு அது இப்படி ஆனது: "எனக்கு டைப் 1 சர்க்கரை இருக்கு, இன்சுலின் நானே போட்டுக்கறேன். வேலைக்கு அதனால தடை இல்லை. மதியச் சாப்பாடு ஒன்றரைக்குள்ள கிடைக்கற மாதிரி ஷிப்ட் இருந்தா போதும்." போகும்போது கைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் வைத்துக்கொண்டாள். மேனேஜர் கேட்டது ஒரே கேள்வி: "லோ சுகர் ஆனா நாங்க என்ன பண்ணணும்?" பொட்டலத்தை எடுத்துக் காட்டி, "இதைத் தண்ணில கலந்து குடுங்க, பத்து நிமிஷத்துல சரியாகிடும். பேச்சு மூச்சு இல்லாம விழுந்தா வாயில எதுவும் ஊத்தாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். அந்த வேலை கிடைத்தது.

வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். மனசுக்குள் பத்துத் தடவை சொன்னாலும், வாய்விட்டு ஒரு தடவை சொன்னதற்கு ஈடாகாது.

என் கால் பார்த்தாலே தெரியும். அவங்க கேட்கலைன்னா நானா ஆரம்பிக்கணுமா?

ஆரம்பியுங்கள். எப்போது சொல்வது என்ற பதிலில் "கடைசியில் சொல்லுங்கள்" என்றேன், அது வெளியே தெரியாத நிலைமைக்கு. கண்ணுக்குத் தெரிவதை யாரும் பேசாமல் விட்டால் அது அறை முழுக்க நிற்கும்.

டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு நான் போன முதல் இன்டர்வியூ இரண்டாவது மாடியில் நடந்தது. ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்து ஏறி, புடவை முதுகோடு ஒட்ட உள்ளே போனேன். மூன்று பேர் இருந்தார்கள். "எப்படிம்மா வந்தீங்க, பஸ்லயா?" என்று ஒருவர் கேட்டார். "கூட யாராவது வந்திருக்காங்களா?" என்று இன்னொருவர். என் டைப்பிங் வேகத்தை யாரும் கேட்கவே இல்லை. அனுதாபமாகத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த இன்டர்வியூவில் உட்கார்ந்ததுமே நான் சொன்னேன்: "சின்ன வயசுல போலியோ. நடக்கறேன், பஸ்ல வர்றேன், படி ஏறுவேன், கொஞ்சம் நேரமாகும். டைப்பிங் டெஸ்ட் எப்ப சார்?" அங்கே டெஸ்ட் வைத்தார்கள்.

காது மிஷின் போட்டிருக்கேன், முடிய விரிச்சு விட்டா தெரியாது. அம்மா சொல்லாதேங்கறாங்க

அம்மாவின் பயம் புரிகிறது. ஆனால் கேள்வி கேட்பவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசினால் உங்களுக்குப் பாதி விழாது. தப்பாகப் பதில் சொல்வீர்கள், அவர் உங்களைப் "புரியாதவள்" என்று குறித்துக்கொள்வார். காது கேட்காததை மறைக்கப்போய் புத்தி இல்லாதவள் என்று பெயர் வாங்குவது எந்தக் கணக்கில் சரி?

"காது மிஷின் போட்டிருக்கேன், என் முகத்தைப் பார்த்துப் பேசினா நல்லாக் கேட்கும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேலை முழுக்கப் போனில் பேசுவது என்றால் ஹெட்செட் உங்கள் மிஷினோடு ஒத்துப்போகுமா என்று வீட்டிலேயே சோதித்துவிட்டுப் போங்கள்.

ஃபார்ம்ல "ஏதேனும் நோய் உண்டா, உண்டு / இல்லை"ன்னு ஒரு கட்டம் இருக்கு. காலியா விட்டுடட்டுமா?

"இல்லை" என்று பொய்யாக டிக் அடிக்காதீர்கள். பின்னால் வேலையிலிருந்து எடுக்க அவர்களுக்கு நீங்களே எழுதிக்கொடுத்த காரணமாக அது ஆகிவிடும். உடம்பைக் காரணம் காட்டி ஒருவரை விலக்குவது கஷ்டம், பொய் சொன்னார் என்று விலக்குவது சுலபம்.

காலியாக விடலாம். நான் சொல்லித்தருவது, "இந்த வேலையைச் செய்யத் தடையாக எதுவும் இல்லை. மருத்துவ விவரம் தேவையெனில் மருத்துவப் பரிசோதனையின்போது தெரிவிக்கிறேன்" என்று எழுதுவது. அது உண்மையாக இருந்தால் மட்டும். கேட் அருகே செக்யூரிட்டி மேஜையில் நின்றபடி நிரப்பும் ஃபார்மில்தான் இந்தக் கட்டம் அதிகம் வருகிறது. அவசரப்படாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படித்துவிட்டு எழுதுங்கள்.

எனக்கு வலிப்பு வந்து மூணு வருஷம் ஆச்சு, மாத்திரை விடாம போடறேன். மறைச்சுட்டுப் போகலாமா?

எந்த வேலை என்று சொல்லுங்கள், பிறகு பேசலாம். பில் போடுவது, கணக்கு எழுதுவது, ஜவ்வரிசி ஆலையின் ஆபீஸ் வேலை என்றால் மேலே சொன்ன மூன்று வாக்கியத்தில், கையெழுத்துக்கு முன் சொல்லுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் இரும்பைக் கொடுக்கக் கூடாது, ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று கூட வேலை செய்யும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நம் ஊரில் இன்னும் சாவிக்கொத்தைத் தேடி ஓடுகிறார்கள்.

ஓடும் மெஷின், உலை, உயரம், வண்டி என்றால் மறைக்கவே மறைக்காதீர்கள். டிரைவிங் லைசென்ஸுக்கான படிவம் 1-லேயே வலிப்பு உண்டா, திடீரென நினைவு தப்புவது உண்டா என்ற கேள்வி இருக்கிறது. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வேனில் பின்னால் இருப்பவர்களுக்கு உங்கள் மாத்திரை விஷயம் தெரியாது. அந்த வேலை வேண்டாம் என்று சொல்லும்போது எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. டிரைவர் வேலைக்கு வந்த ஒரு பையனை டிராவல்ஸ் புக்கிங் மேஜைக்குக் கேட்கச் சொன்னேன். முகம் வாடித்தான் போனான்.

மனசுக்கு மாத்திரை சாப்பிடறேன். இதையும் சொல்லணுமா? பைத்தியம்னு நினைச்சுட்டா?

சொல்ல வேண்டியதில்லை. வேலை நேரத்தில் ஏதாவது மாற்றம் வேண்டும் என்றால் மட்டும், அதையும் நோயின் பெயர் இல்லாமல் சொல்லலாம்: "மாசம் ஒரு நாள் மருத்துவமனைக்குப் போகணும், நைட் ஷிப்ட் எனக்கு ஒத்துக்காது." இதில் பொய் ஒன்றும் இல்லை.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. கம்பெனி போன் போட்டுக் கேட்டால் டாக்டர் உங்கள் சம்மதம் இல்லாமல் சொல்லக் கூடாது. இன்டர்வியூ பயத்தில் தூக்கம் வராத இரவில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இன்டர்வியூ நாளில் "தூக்கக் கலக்கமா இருக்கும்" என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். நேரத்தை மாற்றிப் போடலாமா என்று டாக்டரையே கேளுங்கள்.

மெடிக்கல் டெஸ்ட் வைக்கறாங்க. அதுல எல்லாமே தெரிஞ்சிடுமே?

வேலைக்குத் தேவையான பரிசோதனையை அவர்கள் வைக்கலாம். கெமிக்கல், சூடு, தூசி உள்ள ஆபத்தான வேலைகளுக்குச் சட்டமே அதைக் கேட்கிறது. எதற்காக என்ன பரிசோதிக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். எச்.ஐ.வி. பரிசோதனையை மட்டும் வேலைக்கு நிபந்தனையாக வைக்கவே முடியாது. 2017-இல் இயற்றி 2018 செப்டம்பரில் அமலான எச்.ஐ.வி. சட்டம் அதைத் தடை செய்கிறது. எச்.ஐ.வி. இருப்பதாகச் சொல்லும்படி வேலை தருபவர் உங்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

பரிசோதனையில் ஏதோ தெரிந்துவிட்டது என்பதோடு கதை முடிந்துவிடாது. தமிழ்நாடு மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராகத் தேர்வான ஒருவருக்கு நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருப்பது மருத்துவப் பரிசோதனையில் தெரிந்து, வேலை மறுக்கப்பட்டது. நிறக்குருடு அந்த 21 பட்டியலில் இல்லை. அப்படியும் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அவருக்குப் பொருத்தமான பிரிவில் அதே பதவியைத் தரும்படி வாரியத்துக்கு உத்தரவிட்டது. "அன்ஃபிட்" என்று எழுதிக் கொடுத்தால், எந்த வேலைக்கு, எந்தக் காரணத்தால் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேன்சர் ட்ரீட்மென்ட்ல ரெண்டு வருஷம் போச்சு. "இந்த கேப் என்ன"ன்னு கேட்டா?

"உடம்பு சரியில்லாம சிகிச்சையில இருந்தேன். முடிஞ்சது. இப்ப முழு நேரமும் வேலை பார்க்க முடியும்." அதோடு நிறுத்துங்கள். என்ன நோய் என்று மறுபடி கேட்டால், "அது என் தனிப்பட்ட விஷயம், வேலைக்குத் தடையில்லை" என்று சிரித்த முகத்தோடு சொல்லலாம். சொல்ல மனசு இருந்தால் சொல்லலாம். "குடும்பத் தொழிலைப் பார்த்தேன்" என்று கதை கட்டினால் அடுத்து, "என்ன தொழில், எத்தனை தறி?" என்று வரும்.

அரசு வேலைக்குப் போடறேன். 4 சதவீதத்துல எல்லாருக்கும் இடம் இருக்கா? அதைச் சொல்லாம பொதுவுல எழுதலாமா?

21 வகையில் இருப்பதால் மட்டும் ஒதுக்கீடு கிடைத்துவிடாது, இது பலருக்குத் தெரியவில்லை. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீடு நான்கு பங்காகப் பிரிகிறது: பார்வை, கேட்கும் திறன், கை கால் சார்ந்தவை (தொழுநோயிலிருந்து குணமானோர், குள்ளத்தன்மை, ஆசிட் வீச்சு, தசைச்சிதைவு உட்பட), நான்காவதாக ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல குறைபாடுகள் சேர்ந்தவர்கள். ஹீமோபிலியா, தலசீமியா, பார்கின்சன் ஆகியவை பட்டியலில் உண்டு, இந்த 4 சதவீதத்தில் இல்லை.

பொதுப் பிரிவில் எழுதத் தடையில்லை. ஆனால் விண்ணப்பத்தில் கோராத சலுகையைப் பிறகு கேட்டு வாங்குவது மிகக் கடினம். கூடுதல் நேரம், எழுதித் தர ஒருவர் எல்லாமே விண்ணப்பத்தில் குறித்தால்தான். பொய்ச் சான்று காட்டுவது பற்றிச் சிலர் கேட்டதால் சொல்கிறேன்: இரண்டு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தவிர, அது உண்மையாகவே தேவைப்படும் ஒருவரின் இடம்.

கொலுசுப் பட்டறை, தறி, கடைன்னா இன்டர்வியூவே கிடையாதே. முதலாளி எங்க தெருதான். எல்லாம் தெரியும்

தெரியும் என்று நினைக்கிறீர்கள். "அந்தப் பையனுக்கு ஏதோ உடம்பு சரியில்லையாம்" என்பதுதான் அவர் காதுக்குப் போயிருக்கும். அரைகுறையாகத் தெரிவது ஒன்றுமே தெரியாததைவிட மோசம், மிச்சத்தைப் பயம் நிரப்பிக்கொள்ளும். சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறைக்குப் போன ஆஸ்துமா உள்ள தம்பி நேராகப் போய், "அண்ணா, பற்ற வைக்கற இடத்துப் புகை எனக்கு ஒத்துக்காது. பூ வைக்கறது, சலங்கை கோர்க்கறது எது குடுத்தாலும் செய்வேன்" என்றான். அண்ணன் அவனை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தார். பத்துப் பேர் இல்லாத பட்டறையில் கொள்கை, குழு என்று எதுவும் இருக்காது. அங்கே முகம் பார்த்துப் பேசுவதுதான் வழி.

சொன்னதும், "சரி, எடுத்துக்கறோம், ஆனா சம்பளம் பாதி"ங்கறாங்க

அதே வேலை, அதே நேரம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். "வேலையில் குறை இருந்தால் சொல்லுங்கள், மூன்று மாசம் பாருங்கள், சம்பளம் மற்றவர்களுக்கு உள்ளதுதான்" என்று சொல்லுங்கள். வீட்டு நிலைமை கட்டாயப்படுத்தி ஒத்துக்கொண்டால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். எத்தனை மாசத்தில் முழுச் சம்பளம் என்பதை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்காகச் செய்யும் ஏற்பாட்டின் செலவை, அது சாய்தளமோ மென்பொருளோ, உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன.

பழைய நோயைச் சொல்லலைன்னா இஎஸ்ஐ, இன்சூரன்ஸ் கிடைக்காதா?

இரண்டும் வேறு வேறு. இஎஸ்ஐ தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, அதில் பழைய நோய், புது நோய் என்ற பேச்சே கிடையாது. பதிவான நாளிலிருந்து சிகிச்சை உண்டு. சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. இந்த இரண்டாவது எண் பல ஆபீஸ்களுக்கே தெரியாது. 23,000 சம்பளத்தில் சேரும் மாற்றுத்திறனாளி கேட்டு வாங்க வேண்டிய உரிமை அது, அதற்குச் சான்றிதழைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

கம்பெனி எடுக்கும் குழுக் காப்பீட்டில் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு இருப்பது வழக்கம். பாலிசியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். நீங்களாகத் தனியாக எடுக்கும் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தில் மட்டும் ஒன்றையும் மறைக்காதீர்கள். முதல் பதிலில் சொன்ன "பேசாமல் இருக்கலாம்" அங்கே செல்லாது.

எச்.ஆர் கிட்ட சொன்னா ஆபீஸ் பூரா பரவும், அப்புறம் மாப்பிள்ளை வீட்டு காதுக்குப் போகும். அதுதான்க்கா பயம்

வேலை கிடைக்காது என்பதைவிட இந்தப் பயம்தான் பெரிது என்று பல பெண்கள் சொல்லிவிட்டார்கள். ஐந்து ரோட்டில் தும்மினால் அம்மாபேட்டையில் கேட்கும் ஊர் இது. அதனால் யாரிடம் சொல்கிறீர்களோ அவரிடமே, "இது உங்களுக்கும் ஷிப்ட் போடறவருக்கும் மட்டும் தெரிஞ்சா போதும்" என்று கேளுங்கள். மறுநாள் அதையே ஒரு மெயிலில் இரண்டு வரியாக அனுப்புங்கள். எழுத்தில் இருப்பதைப் பரப்ப ஆட்கள் யோசிப்பார்கள்.

எல்லாம் மூடிக் காப்பாற்ற முடியும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். என் ஆபீஸிலேயே ஒரு பெண்ணின் விஷயம் கேன்டீன் வரை போனது. சொன்னவரைக் கூப்பிட்டுக் கேட்டேன், மன்னிப்புக் கேட்டார், ஆனால் போனது போனதுதான். அதனால்தான் எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் சொல்லுங்கள் என்கிறேன். நோயின் பெயரைவிட உங்களுக்கு வேண்டிய ஏற்பாட்டைச் சொல்வது பல நேரம் போதும்.

ஒண்ணும் சொல்லாமலே சேர்ந்து ஆறு மாசம் ஆச்சு. இப்ப சொன்னா ஏமாத்திட்டேன்னு சொல்வாங்களா?

எழுத்தில் பொய் சொல்லவில்லை என்றால் நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. ஆறு மாசம் வேலையைச் செய்து காட்டியிருக்கிறீர்கள், அதை முன்னால் வைத்துப் பேசுங்கள். "இதுவரைக்கும் தேவைப்படலை. இப்ப டாக்டர் நைட் ஷிப்ட் வேண்டாங்கறார்." டாக்டரிடம் வாங்கும் சீட்டில் நோயின் பெயர் இல்லாமல், என்ன வேலை செய்யலாம், எது கூடாது என்று மட்டும் எழுதச் சொல்லலாம்.

ஃபார்மில் "இல்லை" என்று எழுதிவிட்டவர்கள், ஏதாவது நடந்து தானாகத் தெரியும் முன் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. போவதற்கு முன் ஒரு வக்கீலிடம் பேசுங்கள், செலவில்லாத வழி அடுத்த பதிலில் இருக்கிறது. வேலையில் இருக்கும்போது குறைபாடு வந்தவர்கள் அரசு, பொதுத்துறை ஊழியர் என்றால் பயமே வேண்டாம். அதற்காக வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை.

சொன்னேன், அதனாலேயே வேலை தரலை. எங்க போய்க் கேட்கறது?

முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனத்துக்கும் சம வாய்ப்புக் கொள்கை என்று ஒன்று இருக்க வேண்டும், அதை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும், அதற்கென ஓர் அலுவலரும் இருக்க வேண்டும். "அந்தக் கொள்கையின் நகல் கிடைக்குமா?" என்று கேட்டாலே தொனி மாறுவதைப் பார்த்திருக்கிறேன். நிறுவனத் தலைவருக்குப் புகார் கொடுத்தால் 60 நாளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும், அல்லது தாங்கள் செய்தது ஏன் நியாயம் என்று எழுதித் தர வேண்டும்.

அடுத்தது மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேளுங்கள். உண்மையையும் சொல்லிவிடுகிறேன். தனியாரிடம், அரசுப் பணியில் உள்ள அளவுக்கு, இந்தச் சட்டத்தின் பிடி இறுக்கமாக இல்லை. புகார் கொடுத்துவிட்டு அதையே நம்பி உட்காராமல் அடுத்த இன்டர்வியூவுக்கும் போய்க்கொண்டே இருங்கள்.

நான் சொன்ன உடனே அவங்க முகம் மாறுது பாருங்க, அந்த நொடியில என்னக்கா பண்றது?

ஒன்றும் பண்ண வேண்டாம். மூன்று மூச்சு விடும் நேரம் சும்மா இருங்கள். முகம் மாறுவது எல்லாம் மறுப்பு என்று அர்த்தமில்லை. நான் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தபோது என் முகமும் மாறியிருக்கும். "இவருக்கு எந்த செக்ஷன் சரியாக இருக்கும், சூப்பர்வைசர் ஒத்துக்கொள்வாரா" என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்திருப்பேன். அந்த இடைவெளியைப் பொறுக்க முடியாமல், "பரவால்ல சார், வேண்டாம்னா விடுங்க" என்று நீங்களே எழுந்துவிடாதீர்கள். அப்படி எழுந்து போனவர்களை நான் படிக்கட்டு வரை போய்க் கூப்பிட்டிருக்கிறேன். என் காலுக்கு அது சுலபமில்லை.

அவர்கள் பேசும் வரை காத்திருங்கள். பேசவில்லை என்றால், "இதைப் பத்தி உங்களுக்குக் கேள்வி இருந்தா கேளுங்க, சொல்றேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.